இடம் மாறிய துண்டு

அன்று அந்தமானின் பெரார்கஞ்சில் அக்கா வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் அக்கா, அவள் கணவரான மச்சான், மச்சானின் அம்மா, எங்கள் அம்மா, நான். மச்சானின் அம்மாவை அக்காவைப் போலவே நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இல்லாதவர்களில் முதலில் அப்பா. கச்சால் தீவில் ஜெட்டி எனும் படகுத்துறைப் பக்கம் மீன் வாங்கப் போனவரை, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் எடுத்துக்கொண்டது. அடுத்து அக்காவின் பிள்ளைகள். இரண்டு வயிற்றிலேயே கலைந்தன. மூன்றாவது பிறந்து, சில நாள் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துவிட்டுப் போனது. பெயர் வைக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. டாக்டரும் அந்த அறையில் இல்லை. அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் நாங்கள் அங்கே கூடியிருந்தோம்.

அக்கா நான்காவது முறையாக முழுகாமல் இருந்தாள். அவளை மெயின்லேண்டுக்குக் கூட்டிப்போய் வயிற்றில் உள்ள பிள்ளைக்கு ஒரு சோதனை செய்ய வேண்டும். நாள் தள்ளினால் செய்ய முடியாது. அத்தை அவளை வாசற்படி தாண்ட விடமாட்டேன் என்றார். அத்தை கெட்டவர் இல்லை. அவர் பிடிவாதத்துக்குக் காரணம் என் அம்மாதான். அம்மா சொன்னதைத்தான் அவர் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். அம்மா சிறுமியாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையிலிருந்து கிளம்பி, ரயிலும் கப்பலுமாக மாறி மாறி, கடைசியில் கச்சாலில் ரப்பர் பால் வெட்டுவதற்கு இறக்கிவிடப்பட்டாள். அங்கேயே வளர்ந்து, அங்கேயே அப்பாவைக் கட்டிக்கொண்டு, அங்கேயே எங்களைப் பெற்றாள். சுனாமிக்குப் பிறகு எங்களைக் கப்பலில் ஏற்றி போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து தகரக் கொட்டகையில் வைத்தார்கள். பிறகு வேறு கொட்டகை. அதற்கும் பிறகுதான் வீடு என்று சொல்லும்படியாக ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் ஓர் அதிகாரி வந்து ரீலொகேஷன் என்பார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த இங்கிலீஷ் வார்த்தையை அரிசி, மண்ணெண்ணெய் என்பது போலச் சரளமாகச் சொல்வாள். "ரெண்டாவது ரீலொகேஷன்லதான் அந்த அண்டா தொலஞ்சிச்சி" என்று நாள் குறிப்பதற்குக்கூட அதைத்தான் பயன்படுத்துவாள்.

கொட்டகையில் இருக்கும்போதே அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மச்சான் பெரார்கஞ்சிலிருந்து போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாருக்குப் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். அவர் குடும்பம் பரமக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தலைமுறைக்கு முன்பே வந்து, வயல் வாங்கி, பாக்குக் கன்று வைத்து நிலைத்த குடும்பம். அலை அவர்களைத் தொடவில்லை.

மூன்றாவது பிள்ளையும் போன பிறகு ஆஸ்பத்திரியில் அக்காவின் ரத்தத்தை எடுத்து மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று எனக்குக் காலேஜில் பரீட்சை. அம்மாவும் அக்காவும்தான் போனார்கள். டாக்டர் வடக்கிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. தீவில் எல்லோரும் பேசுகிற இந்தியில் அம்மாவும் பேசுவாள். ரேஷன் கடை, போலீஸ், வங்காள மீன்காரி எல்லோரிடமும் அந்த இந்திதான் அவளுக்குக் கைகொடுத்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு "ட்ரான்ஸ்லொகேஷன்" என்றார். அம்மா விழித்தாள். அவர் எளிதாக்கிச் சொன்னார்: "ஜகா பதல் கயா ஹை. இஸ்லியே பச்சா டிக்தா நஹி."

இடம் மாறிவிட்டது, அதனால்தான் பிள்ளை நிலைக்கவில்லை. அந்த இந்திக்கு அவ்வளவுதான் அர்த்தம். அம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"ஹாங் சாப்," என்றாளாம் அம்மா. "ஜகா பதல் கயா. கச்சால் ஸே இதர்." கச்சாலிலிருந்து இங்கே என்று.

டாக்டர் தலை நிமிர்ந்து பார்த்தார், அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார் என்று அக்கா பின்னால் என்னிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா முகம் தெளிந்திருந்தது. "டாக்டர் கண்டுபுடிச்சிட்டாருடா தம்பி. ரீலொகேஷன்தான். எம்புள்ள மேல ஒரு கொறயும் இல்ல" என்றாள். அந்தத் தகர வெக்கையிலும் உப்புத் தண்ணீரிலும் யாருக்குத்தான் உடம்பு கெடாது என்று நானும் நினைத்துக்கொண்டேன். காகிதம் அக்காவின் பெட்டியோடு பெரார்கஞ்சுக்குப் போய்விட்டது.

அம்மா மறுநாளே அத்தையைப் பார்க்கப் போனாள். அதுவரை அத்தையின் வாய் சும்மா இருந்ததில்லை. "ரப்பர் மரமே தேவல. வெட்டுனா பாலாவது வருது" என்று அக்காவின் காதுபடவே பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். பரமக்குடியில் இருக்கும் தன் அண்ணன் மகளைப் பற்றி அடிக்கடி பேச்செடுப்பார். அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அம்மா சொன்னதைக் கேட்டதும் அவர் மனம் அப்படியே மாறியது.

"அட, இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்கு வாயக் கெடுத்துக்கப்போறேன்? நாத்தப் புடுங்கிப் புடுங்கி நட்டா அது எங்கிட்டு வேர் புடிக்கும்? பாவம், கப்பலு, கொட்டகைன்னு அலக்கழிச்சிருக்காய்ங்க" என்றார். அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டார். அக்கா இனி இடம் மாறக் கூடாது.

அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அக்கா பொங்கலுக்குச் சேலை எடுக்க அபர்டீன் பஜாருக்குப் போகவில்லை. மச்சான் எடுத்து வந்த சேலையைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த ஆளிடம் கட்டிலை நகர்த்தக் கூடாது என்று அத்தை சொன்னதால், கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஒரு செவ்வகம் மட்டும் பழைய அழுக்கோடு நின்றது. நான் பார்க்கப் போனபோது அக்கா அதைக் காட்டிச் சிரித்தாள். "என்னைய நங்கூரம் போட்டு வச்சிருக்காங்கடா. ஆனா ஒண்ணு, முன்ன மாதிரி ஏச்சு இல்ல. சோறு தொண்டையில எறங்குது."

அந்தச் சிரிப்பை நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை.

அந்த வருடமே அவள் மறுபடியும் உண்டானாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகலாம் என்று அத்தை விதிவிலக்குக் கொடுத்தார். அந்தத் தடவை நானும் கூடப் போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் பழைய காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் ஓர் X இருந்தது, பக்கத்தில் சின்ன t என்ற எழுத்து, அடைப்புக்குள் மறுபடியும் ஓர் X, இன்னோர் எண். நான் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். குரோமோசோம் பாடத்தைக் கரும்பலகையில் பார்த்துக் கைவலிக்க எழுதி எடுத்திருக்கிறேன். அது என் அக்காவின் பெயருக்குக் கீழே வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உள்ளே போனதும் நான் இந்தியில் கேட்டேன்: "சாப், இது சுனாமியால் வந்ததா?"

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். சுனாமியால் இல்லை, பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்றார். பிறகு அம்மாவைக் கேட்டார், உங்களுக்கும் கலைந்திருக்கிறதா என்று.

"பாகான் மே ஸப் கா கிர்தா தா, சாப்" என்றாள் அம்மா. தோட்டத்தில் எல்லோருக்கும்தான் கலையும் என்று.

"உங்களுக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். "தீன்," என்றாள். அக்காவுக்கு முன்னால் இரண்டு, அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒன்று. எனக்கு அது அன்றுதான் தெரியும்.

செத்துப்போன அப்பாவிடமிருந்து வந்திருக்கக்கூடாதா என்று நான் கேட்டேன். கேட்டது அம்மாவுக்காக. டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். X இப்படி உடைந்து இன்னொன்றோடு மாறியிருக்கும் ஆணுக்குப் பெரும்பாலும் பிள்ளையே பிறக்காது, நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்களே என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்து, உன் ரத்தத்தையும் ஒருநாள் பார்த்துவிடுவது நல்லது என்றார். அன்று அம்மாவின் ரத்தத்தை மட்டும் எடுத்தார்கள்.

முடிவு வந்தது. அம்மாவுக்கும் அதே மாற்றம், அதே இடத்தில். அக்காவுக்கு அம்மா கொடுத்தது. இந்தப் பிள்ளைக்கு மெயின்லேண்டில் பனிக்குடத்து நீரை எடுத்துப் பார்த்தால் தெரியும், தாமதிக்க வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

இதை அம்மாவுக்கு விளங்க வைப்பது என் வேலையாயிற்று. வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் இருப்பது போலச் சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே எனக்கே தொலைந்துபோனது. அப்போது கச்சாலிலிருந்து கிளம்பிய நாள் நினைவுக்கு வந்தது. ஜெட்டியில் மழை. எங்கள் சாக்கும் பக்கத்து லயத்துக்காரர் சாக்கும் பிரிந்து, அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை அள்ளிப் போட்டுக் கட்டினோம். எங்கள் அம்மிக் குழவி அவர்கள் சாக்கில். அவர்கள் இட்லிச் சட்டி எங்கள் சாக்கில்.

"ரெண்டு சாக்கும் ஒரே கப்பல்ல வந்துச்சும்மா. யாருக்கு நட்டம்?" என்றேன்.

"ஒரு நட்டமும் இல்ல. குழவி அந்தக்கா வீட்ல இருந்திச்சி. போயி அரச்சிட்டு வந்தேன்."

"அந்த மாதிரிதான் ஒங்களுக்கும் அக்காவுக்கும். X-ல ஒரு துண்டு இன்னொண்ணுல போய் ஒட்டியிருக்கு, அதுல ஒரு துண்டு இங்க வந்திருக்கு. எதுவும் தொலையல. அதான் ஒடம்புக்கு ஒண்ணும் தெரியல. ஆனா பிள்ளைக்குக் குடுக்கும்போது எல்லாத்துலயும் பாதிதான் குடுக்க முடியும். மாறுன ரெண்டும் சேந்து போனா உங்கள மாதிரி இருக்கும். மாறாத ரெண்டும் போனா அதுவும் நல்லதுதான். ஒரு சாக்கு ஏறி, இன்னொரு சாக்கு ஜெட்டியிலயே நின்னுட்டா?"

அம்மா கையில் வெங்காயம் அப்படியே இருந்தது.

"அப்ப அந்த மூணும்?"

"ஆமாம்மா."

"அக்காளுக்கும் மூணு."

அவள் எழுந்து, அடுப்பில் எதுவும் இல்லாதபோதே அடுப்பை ஒருமுறை ஊதினாள்.

பெண்ணுக்கு X இரண்டு. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் அவற்றில் ஒன்று உறங்கிவிடும். பொதுவாக எது உறங்கும் என்பது குலுக்கல் போலத்தான். ஆனால் என் அக்காவைப் போன்றவர்களின் உடம்பில் பெரும்பாலும் முழுசாக இருக்கும் X உறங்கப் போகிறது, உடைந்து ஒட்டியது விழித்திருக்கிறது. உடைந்தது உறங்கினால் அதோடு ஒட்டிய வேற்றுத் துண்டும் சேர்ந்து அடங்கிவிடும், உடம்பு அதைத் தாங்காது. இதைச் சொன்னபோது அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப முழுசா இருக்கிறது தூங்கும், ஒடஞ்சதுதான் எந்திரிச்சி வேல செய்யணும். நல்ல ஞாயம்டா" என்றாள்.

ஆனால் இதை அத்தையிடம் சொல்லக் கூடாது என்றாள். நான் அத்தையிடம் சோதனையைப் பற்றி மட்டும் பேசிப் பார்த்தேன். "மூணு நாள் கப்பலா? கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்றார் அத்தை. "எடம் மாறுனதாலதான் போச்சுன்னு ஒங்க டாக்டருதானே சொன்னாரு? இப்ப வேரு புடிச்சிருக்கிறதப் புடுங்கி மெட்ராசுக்குக் கொண்டுபோயி ஊசி குத்தணும்னு சொல்ற. படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை. அவருக்குக் கொடுத்த காரணத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொன்ன வைத்தியம்தான் சரி. காரணம் தவறு என்று சொன்னால், சரியான காரணம் என்ன என்று கேட்பார். அதற்குப் பதில் என் அம்மா. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்டா. மறுபடியும் ரப்பர் மரம் கதைதான். பரமக்குடிக்கு டிக்கெட் போட்ருவாங்க. வர்றது வரட்டும், நான் போகல" என்றாள். மச்சானிடம் சொன்னாயா என்றேன். அவர் அம்மாவிடம் எதையும் மறைக்கத் தெரியாத மனிதர், அதனால் சொல்லவில்லை என்றாள்.

நான் வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா இரண்டு நாள் வேலைக்குப் போய்வந்தாள். பிறகு, "ஞாயித்துக்கெழம மாப்ள வீட்ல இருப்பாருல்ல? போவோம்" என்றாள்.

அப்படித்தான் அந்த முன்னறையில் கூடினோம். அத்தை டீ போட்டுக் கொண்டுவந்தார். அம்மா டீயைத் தொடவில்லை.

"சம்பந்தியம்மா, நான் ஒங்ககிட்ட சொன்னது தப்பு" என்றாள். "டாக்டர் சொன்னது வேற. நான் வெளங்கிக்கிட்டது வேற. அவரு ஜகா பதல்னாரு. நாங்க மாறுன எடத்ததான் சொல்றாருன்னு நெனச்சேன். அவரு சொன்னது ரத்தத்துக்குள்ள மாறுன எடம்."

"ரத்தத்துக்குள்ளயா? என்னத்தச் சொல்றீங்க?"

"எங்கிட்ட இருந்து வந்தது. எனக்கும் மூணு போச்சு. எம்மககிட்ட நான்தான் குடுத்திருக்கேன். அவ சுனாமியால கெடல. பொறக்கும்போதே கொண்டுவந்தா."

மச்சான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தைக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு புரிந்தது.

"அப்ப பொண்ணக் குடுக்கும்போது இதச் சொல்லலயே?"

"தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

"மூணு போனது தெரியும்ல?"

"அது தெரியும்."

"அதச் சொல்லிருக்கலாம்ல?"

"தோட்டத்துல எல்லாப் பொம்பளைக்கும் ஒண்ணு ரெண்டு போகுங்க. மரத்தடியில பொதச்சிட்டு மறாநா வாளியத் தூக்கிட்டுப் போவோம். அத ஒரு சேதின்னு யாரும் சொல்றதில்ல" என்றாள் அம்மா.

"எங்க வீட்டுக்கு அது சேதிதான்."

"ஆமாங்க. இப்ப சேதியாத்தான் சொல்ல வந்திருக்கேன். என்னையத் திட்டுங்க. ஆனா அவளக் கூட்டிட்டுப் போக விடுங்க. இந்தப் புள்ள எப்படி இருக்குன்னு பாத்துரணும். போன தடவ மாதிரி பெட்டிக்குள்ள வச்சிப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

அத்தை எழுந்து நின்றார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் டீ கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தார், அம்மாவின் முழு கிளாஸையும். "அப்ப நான் கட்டுலக்கூட நகத்தாம வச்சிருந்ததெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. உள்ளே போய்விட்டார். வெந்நீர் அண்டாவில் கிளாஸ்கள் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அத்தைக்கும் அவமானம் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவில் எத்தனை பேரிடம் வேர் பிடிக்கிற கதையைச் சொல்லியிருப்பார்.

மச்சான்தான் பேசினார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "கப்பல் டிக்கெட்டு எப்ப குடுக்குறாய்ங்க?" என்று என்னைக் கேட்டார்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏப்பா, அவளக் கேட்டியா? கப்பல்ல வாந்தி எடுத்தே செத்துருவா."

"நான் போறேன் அத்தை," என்றாள் அக்கா. அந்த அறையில் அவள் சொன்னது அது ஒன்றுதான்.

மச்சான் பஸ்ஸை விட்டுவிட்டு வர முடியாது. வந்தால் முதலாளி வேறு ஆள் போட்டுவிடுவார். முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கொடுத்தார். அம்மா தன் தோட்டை அபர்டீன் பஜாரில் விற்றாள். மிச்சத்துக்கு, அப்பாவுக்காக அரசாங்கம் கொடுத்த பணத்தில் பேங்கில் கிடந்ததை எடுத்தோம். அதை என் மேல்படிப்புக்கு என்று வைத்திருந்தாள்.

அக்கா, அம்மா, நான் மூவரும் கப்பலில் விலை குறைந்த பங்க் கிளாஸில் போனோம். கச்சாலை விட்டு வந்த பிறகு அம்மா கப்பல் ஏறுவது அதுதான் முதல் தடவை. மேல்தளத்துக்கு வரவே இல்லை. கீழே பலகைப் படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அக்காவின் காலை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள். அத்தை சொன்னபடியே அக்கா வாந்தி எடுத்தாள். சாகவில்லை.

மெயின்லேண்ட் ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறைக்குள் என்னை விடவில்லை. வெளியே வந்த அக்கா, "எறும்பு கடிச்ச மாதிரின்னாங்க. கட்டெறும்புன்னு சொல்லல" என்றாள். என் ரத்தத்தையும் அங்கே கொடுத்தேன். பிறகு காத்திருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் நாள்வாடகைக்கு ஓர் அறை, பொது அடுப்பு. அம்மா கஞ்சி வைப்பாள். அக்கா வயிற்றில் கை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள், ஆனால் பிள்ளையைப் பற்றிப் பேச மாட்டாள். முடிவு மோசமாக வந்தால் என்ன செய்வது என்று எங்கள் மூன்று பேருக்குள்ளும் இருந்தது. அதைப் பேசவேண்டிய இடத்தில் நாங்கள் ஊர்க் கதைகள் பேசினோம். கச்சாலில் யாரோ முதலையைப் பார்த்து வாளியை எறிந்துவிட்டு ஓடிய கதையை அம்மா இரண்டு தடவை சொன்னாள். நாங்கள் இரண்டு தடவையும் சிரித்தோம்.

முடிவு சொன்ன அம்மையார் தமிழ்க்காரர். நிதானமாகச் சொன்னார்.

"குழந்தைக்கும் அந்த மாற்றம் இருக்கு. ஆனா உங்ககிட்ட இருக்கிற மாதிரியேதான். எதுவும் குறையல, எதுவும் கூடல."

"ரெண்டு சாக்கும் வந்துருச்சி" என்று அம்மா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

ஆணா பெண்ணா என்று அக்கா கேட்டாள். அவர் தலையசைத்தார். "அது சொல்லக் கூடாதும்மா, சட்டம்."

அக்காவுக்கு அது ஆசை. எனக்கு அது வேறு கேள்வி. பெண்ணாக இருந்தால் அக்காவைப் போல இருக்கலாம். சூலகம் சீக்கிரம் ஓயலாம், கலையலாம், நல்லபடியாகப் பெறவும் செய்யலாம். ஆணாக இருந்தால் அவனோடு நின்றுவிடும், அவனுக்குப் பிள்ளை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது பிறக்கும் வரை எந்தக் கவலையைப் படுவது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

என் முடிவையும் அவரே சொன்னார். எனக்கு இல்லை. அம்மாவிடம் இருந்த முழு X எனக்கு வந்திருந்தது. அம்மா கைகூப்பினாள். நான் அக்காவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அவள்தான் என் தோளில் இடித்தாள். சின்ன வயதில் அம்மா பால் வெட்டப் போகும்போது என்னைப் பார்த்துக்கொள்வதற்காக மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் அவள்.

"பள்ளிக்கூடமும் ஒனக்கு. முழுசும் ஒனக்கு. எனக்கு என்னடா மிச்சம் வச்ச?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்த அம்மையாரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளை மழைக்காலத்தில் பிறந்தது. பெண். நல்ல எடை, நல்ல குரல். டாக்டர் கை, கால், நெஞ்சு எல்லாம் பார்த்து, டீக் ஹை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அன்று பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் மச்சான் லட்டு கொடுத்தார் என்று கண்டக்டர் சொன்னான்.

அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்து, மூக்கைத் தடவி, "எங்க வீட்டு மூக்குதான்" என்றார். அம்மாவோடு பேசவில்லை. முன்னறையில் கூடிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் எங்கள் அம்மாவோடு பேசவே இல்லை. சண்டை ஒன்றும் இல்லை. அம்மா வந்தால் பாய் போடுவார், தண்ணீர் கொடுப்பார், கொல்லைப் பக்கம் போய்விடுவார். பரமக்குடிப் பேச்சையும் எடுக்கவில்லை.

பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டே அம்மா ஒருநாள் சொன்னாள், "இவ பெரியவளானதும் சொல்லிரணும். கல்யாணத்துக்கு முன்னாடியே."

"எப்படிம்மா சொல்றது?" என்றாள் அக்கா.

"என்னைய மாதிரி தப்பா இல்லாம, இவன் சொன்ன மாதிரி."

"இவன் சொன்னா அதுக்கே நாலு வருஷம் படிக்கணும்."

"படிக்கட்டும்" என்றாள் அம்மா.

பெயர் வைக்கும் நாளில் அம்மாவும் நானும் பெரார்கஞ்ச் போனோம். சின்ன விசேஷம்தான், பக்கத்து வீட்டுக்காரர்கள், மச்சானின் பஸ்காரர்கள். பெயரை அத்தை பிள்ளையின் காதில் சொன்னார். சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அத்தை முன்னறையில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அம்மா உத்தரத்தில் சேலையைப் போட்டுத் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தாள். அத்தை வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமல், யாரைப் பார்த்தும் இல்லாமல், ஆனால் அம்மா காதில் விழும்படி கேட்டார்.

"கப்பலு, ஊசி, ரூமு, எல்லாம் சேத்து மொத்தம் எம்புட்டு ஆச்சு?"

மச்சான் வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டாள். முடிச்சைப் பல்லால் இறுக்கியிருந்தவள், அதை விட்டுவிட்டு அத்தையின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"நாப்பத்தேழாயிரத்து முந்நூறு ரூபாங்க."